முப்பது டிகிரி

காலை எட்டு மணி ஊட்டலுக்கு ஏழு ஐம்பதுக்கே வந்துவிடுவான் சேவியர். கையைக் கழுவி, முகக்கவசம் மாட்டி, தம்பி அமலனின் கட்டிலடியில் இருக்கும் கைச்சக்கரத்தைப் பிடிப்பான். பதினோரு சுற்று. தலைமாடு எழும்பிச் சாய்வுமானி முப்பதைக் காட்டியதும், மூக்கு வழியே செருகிய குழாயில் ஊட்டுகருவி கஞ்சியை இறக்கத் தொடங்கும். படுத்த வாக்கில் ஊட்டினால் நுரையீரலுக்குள் ஏறிவிடும். முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும். அதுவரை இவனும் கடனே என்று உட்கார்ந்திருப்பான். அமலன் நினைவிழந்து ஆறு வருஷமாயிற்று.

மூச்சு, ரத்தம், புரட்டிப் போடுவது எல்லாம் இயந்திரங்கள் பார்த்துக்கொண்டன. தலையை உயர்த்துவதை மட்டும் கைச்சாய்வுச் சட்டம் ரத்த உறவுக்கு ஒதுக்கியிருந்தது. யாருக்கும் வேண்டாத உயிரை இயந்திரம் இழுத்துப் பிடிக்கக் கூடாதாம். தொடர்ந்து மூன்று வேளை யாரும் உயர்த்தாவிட்டால் ஊட்டுகருவி நிரந்தரமாக மூடிக்கொள்ளும். வராதவர்களுக்கு யாரும் நினைவூட்டவும் கூடாது. மகா புத்திசாலிகள் எழுதிய சட்டம்.

இன்று திரையில் சிவப்பு எழுத்து: இரண்டு வேளை தவறியது.

நேற்று மதியமும் மாலையும் அக்கா ரோஸ்லினின் முறை.

“அக்கா மறந்துட்டா போல, சிஸ்டர்” என்றான்.

செவிலி பொன்செல்வி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “நீங்களா கேக்குறதால சொல்லலாம், அண்ணே. ரெண்டு வேளையும் வந்தாங்க. தம்பி கையப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க. சக்கரத்தத் தொடல.”

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மணி ஏழு ஐம்பத்தெட்டு. சும்மா நின்றால் போதும், இரண்டு நிமிடத்தில் மூன்றாவது வேளையும் தவறி எல்லாம் முடிந்துவிடும். குனிந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்றில் சாய்வுமானி முப்பதைத் தொட்டது. குழாயில் கஞ்சி இறங்கியது. சிவப்பு எழுத்து அழிந்தது.

ரோஸ்லின் போனில் கூப்பிட்டாள்.

“தூக்கிட்டியாடா?”

“ம்.”

“அவனப் போக விடலாம்னு நெனச்சேன். நீயும் புரிஞ்சுக்குவன்னு நெனச்சேன். சரி விடு. உனக்கு அவன் மேல அவ்வளவு பாசம். எனக்குத்தான் மனசு கல்லாப் போச்சு.”

சேவியர் அமலனைப் பார்த்தான். சுத்தமாகச் சவரம் செய்த முகம். அன்பு, இரக்கம், வெறுப்பு, ஏதாவது ஒன்று வரட்டும் என்று காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

“பாசமெல்லாம் இல்லக்கா. அவன் வேணுமா வேண்டாமான்னு நான் யோசிக்கவே இல்ல. கை தானாச் சுத்திருச்சு.”

மறுமுனையில் அவள் அழத் தொடங்கினாள். போனைக் காதில் வைத்தபடியே அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் இருக்க வேண்டும்.