நாலாம் நம்பர் எங்கே?

டெலிபோன் அலறியது.

லேப் டெக்னீஷியன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய் எடுத்தாள். மாடியிலிருந்து டாக்டர். அந்த ஆய்வுக்கூடத்துக்கே அவர்தான் தலை.

"நாலாம் நம்பர் என்னாச்சு?"

"நெகட்டிவ், சார்."

மறுமுனையில் குரல் உயர்ந்தது.

"போன வாரம் பாசிட்டிவ்னு சொன்னது நீதானே?"

படாரென்று போன் வைக்கப்பட்டது!

நாலாம் நம்பர் ஒரு கோழி. ஏரிக்கரைக் கூண்டில் மொத்தம் ஆறு. முட்டைக்காக இல்லை... உளவுக்காக! கிருமி சுமக்கும் கொசு கடித்தாலும் கோழிக்குச் சளிகூடப் பிடிக்காது. ஆனால் அதன் ரத்தம் காட்டிக் கொடுத்துவிடும். மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வருவதற்கு முன்பே ஊரை உஷார்ப்படுத்திவிடலாம். வாரம் தவறாமல் அந்த ரத்தத்தை எடுப்பது அவள் வேலை.

போன வாரம் நாலாம் நம்பர் மாட்டியது. கூண்டுக்குப் பக்கத்தில் தொங்கும் பொறியில் விழுந்த கொசுக்களில் மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. அதனால் இன்னொரு டெஸ்ட் எடுத்த பிறகுதான் எச்சரிக்கை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இப்போது மணி ஒன்று. நாலு மணிக்கு அறுபது பள்ளிப் பிள்ளைகள் ஏரிக்கரை முகாமுக்கு பஸ் ஏறுகிறார்கள். மூன்று நாள், கூடாரத்தில்! அவர்களில் ஒருத்தி அவளுடைய ஒரே மகள். அந்தப் பள்ளியில் விளையாட்டு வாத்தியாராக இருந்து முகாமை நடத்தும் கணவனிடம், பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சியிருந்தாள். டெஸ்ட் வரட்டும் பார்க்கலாம் என்று மழுப்பியிருந்தான்.

டெஸ்ட் வந்துவிட்டது. ஆனாலும் அவளால் அதை நம்ப முடியவில்லை.

ஏனென்றால்... இது நடக்கவே முடியாத விஷயம்! ஒரு தடவை பாசிட்டிவ் ஆன கோழி அடுத்த வாரமே நெகட்டிவ் ஆகாது. ரத்தத்தில் ஏறிய எதிர்ப்புச் சக்தி மாதக்கணக்கில் அங்கேயே குடியிருக்கும்.

காலையில் நடந்தது இப்போதுதான் புத்தியில் உறைத்தது. பதினோரு வாரமாகப் பழகி, சாதுவாக மடியில் உட்காரும் நாலாம் நம்பர், இன்று அவள் கையைக் கொத்திக் குதறிவிட்டது. காலில் நம்பர் வளையம் இருந்ததால் அவளும் ஏமாந்துவிட்டாள்.

வளையம் அதேதான். கோழி வேறு!

கூண்டுக் காவலாளிக்குப் போன் போட்டாள். பூட்டு பூட்டினபடியே இருக்கிறது, ஒரு ஈ காக்கா நுழையவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். கேட்பதற்கு முன்பே சத்தியம் செய்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவரிடம் சாவி கிடையாது. எந்தக் கோழி மாட்டியது என்பதும் அவருக்குத் தெரியாது.

சாவி இரண்டே இரண்டு. ஒன்று அவளிடம். இன்னொன்று...

டாக்டரிடம்!

இரண்டிரண்டு படியாக மாடிக்குத் தாவினாள். விஷயத்தைக் கொட்டிவிட்டு, நேராகவே கேட்டுவிட்டாள்.

"கோழியை மாத்தினது நீங்களா சார்?"

டாக்டர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் திருட்டுத்தனம் பண்ணணும்னா ஏரிக்கரைக்கா போவேன்? கீழ வந்து உன் டியூபை மாத்தினா வேலை முடிஞ்சுது. பாசிட்டிவ் கோழி இப்படிப் பல்டி அடிக்காதுன்னு இங்க தரை துடைக்கிறவருக்குக்கூடத் தெரியும். இது அரைகுறை ஆள் பண்ண வேலைம்மா. கோழி நம்பர் தெரிஞ்சிருக்கு. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. நீ யார்கிட்ட சொன்ன?"

அவள் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள்.

ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாள்... சாப்பிடும்போது!

வெறும் சந்தேகத்தை வைத்து முகாமை நிறுத்த முடியாது, அசல் கோழி கிடைத்தால் டெஸ்ட் முடியும்வரை முகாமைத் தள்ளிப்போடச் சொல்லி அதே நிமிஷம் பள்ளிக்குப் போன் செய்கிறேன் என்றார் டாக்டர். அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

வீட்டில் கணவன் முகாம் பையை மூட முடியாமல் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மகள் ஏற்கெனவே பள்ளிக்குப் போய்விட்டாள்.

"நாலாம் நம்பர் எங்க?"

ஜிப் பாதியில் நின்றது.

"எந்த... எந்த நாலு?"

"ஏங்க, நான் போலீஸ் இல்ல. உங்க பொண்டாட்டி. என்கிட்ட நடிக்காதீங்க."

பொசுக்கென்று உட்கார்ந்துவிட்டான். அவள் தூங்கும்போது சாவியை எடுத்தது, காவலாளி அசந்த நேரம் பார்த்து, விடிவதற்குள் வேறொரு கோழிக்கு வளையம் மாட்டிக் கூண்டில் விட்டது, எல்லாம் வெளியே வந்தது.

"ரெண்டு மாசமா பிள்ளைங்க நாள் எண்ணிட்டு இருக்காங்க. ஒரு கோழிக்காக எப்படி நிறுத்தறது? ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"ஏதாவது ஆயிட்டா? அந்த பஸ்ல நம்ம பொண்ணும் இருக்கா."

அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை முட்டியது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் முளைத்தது.

"கோழியை என்ன பண்ணீங்க... அறுத்துட்டீங்களா?"

தலையைக் குனிந்தபடி எழுந்துபோய்க் குளியலறைக் கதவைத் திறந்தான்.

கவிழ்த்த கூடைக்குள்ளிருந்து ஒரு கொக்கரிப்பு!

இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் வரிசையாக ஊசித் தழும்புகள். சாட்சாத் நாலாம் நம்பரேதான்! பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு கிண்ணம் தானியம்.

"கழுத்தைப் பிடிச்சேன். மனசு வரல," என்று முனகினான்.

அவள் கோழியை இடுக்கிக்கொண்டே டாக்டருக்குப் போன் போட்டாள். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. பஸ் கிளம்பாது! மகள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறாள்.

கணவன் மெல்ல நிமிர்ந்தான். "என்னை என்ன பண்ணப் போற?"

"டாக்டர் முன்னாடி நிறுத்தப் போறேன். கிளம்புங்க." கோழியை அவன் கையில் திணித்தாள். "சாட்சிக்கு வேளாவேளைக்குத் தீனி போட்டு வளர்த்த முதல் குற்றவாளி நீங்கதான்... தண்டனையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்றேன்!"