ஐந்தாவது பூ

"ஐயோ... என் பூ!"

கத்தியது ருகிலே. லித்துவேனியாவின் கௌனஸ் நகரத்து ஏப்ரல் மழையில், டிராலிபஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவள் அவள். அதே பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கினாள் இன்னொருத்தி. மோதிய வேகத்தில் ருகிலேயின் கையிலிருந்த ஐந்து டூலிப் பூக்களில் ஒன்று எகிறிப் போய்ச் சாலையில் விழ, கிளம்பிய பஸ் அதன் மேலேயே ஏறிப் போனது.

"மன்னிச்சிடுங்க... மழையில கண்ணே தெரியலை."

"தெரியலையா? இவ்வளவு பெரிய கண்ணை வெச்சுக்கிட்டா?"

சொன்ன பிறகுதான் ருகிலே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோபமாகச் சொல்ல நினைத்தது... ஏன் இப்படிக் குழைந்துகொண்டு வந்தது? ஆனால் அந்தக் கண்கள் நிஜமாகவே பெரியவை. சாம்பலும் பச்சையும் கலந்து, மழைநாளில் நேமுனஸ் ஆறு இருக்குமே... அந்த நிறம்.

"ஒண்ணுதானே போச்சு? இன்னும் நாலு இருக்கே," என்றாள் பெரிய கண்ணுக்காரி.

"அதுதாங்க பிரச்சினை! பிறந்தநாளுக்கு நாலு பூவோட போனா எங்க பீருதே மேடம் என்னை உயிரோட புதைச்சிடுவாங்க. இரட்டைப்படைப் பூ பொணத்துக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனால ஒண்ணை எனக்குக் குடுத்துடுங்க. மூணாயிடும். உங்க மேடம் நூறு வயசு இருப்பாங்க."

"இடிச்சதுக்குப் பரிசு வேறயா?"

"பரிசு இல்லை. நீங்க என்னைத் திட்டாம விட்டதுக்கு ஞாபகம்."

"நான் இன்னும் திட்டி முடிக்கவே இல்லை!"

"அப்ப மீதியை நாளைக்குக் காபி குடிச்சுக்கிட்டே திட்டுங்க... என் பேரு மில்தா."

ருகிலே ஒரு சிவப்பு டூலிப்பை உருவி நீட்டினாள். விரல்கள் பட்டன. அன்று தான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போய், குழந்தைகள் பிரிவின் தலைவியான பீருதே மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழவில்லை.

திட்டுவதற்கு ஒரு நாள் போதவில்லை. ஏப்ரல் போய் மே வந்தது... லிண்டன் மரங்கள் துளிர்த்தன. பீட்ரூட் போட்ட ரோஸ் நிறக் குளிர்சூப்பை ஒரே கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் போட்டுக் குடித்த ஒரு மதியத்தில், 'நீங்க' என்பது தானாகவே 'நீ' ஆகிவிட்டது. முதலில் சொன்னது யார் என்று இன்றைக்கும் அவர்களுக்குள் சண்டை.

அதே மதியம்தான் மில்தா சொன்னாள். "நான் வெறும் படம் வரையறவ இல்லை, ருகிலே. ஒரு கதைப் புத்தகம் எழுதியிருக்கேன். 'ஆற்றைக் கடந்தவள்'. படகுக்காரன் பொண்ணு ஒருத்தி ஆத்தைத் தாண்டிப் போய், மாவு மில்லுக்காரர் பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்குவா. சின்னப் பசங்களுக்கான கதை. புனைபேர்ல எழுதினேன்."

ருகிலேயின் ஸ்பூன் பாதியில் நின்றது.

"அதைப் போய்ப் பசங்களுக்குத் தீங்குன்னு லேபிள் ஒட்டிட்டாங்க," மில்தா சிரித்தாள். கண்கள் சிரிக்கவில்லை. "ஒரு வாசகி போட்டோ அனுப்பினா. எந்த லைப்ரரியோ தெரியலை. ஸ்கேல் வெச்சு அளந்து, ஒரு மில்லிமீட்டர் கோணாம, சரியா என் படகுக்காரப் பொண்ணு மூஞ்சி மேலயே ஒட்டியிருக்காங்க. அப்படி ஒரு நேர்த்தி!"

ருகிலே ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். ஏனென்றால் அந்த நேர்த்தி அவளுடையது.

சட்டம் அப்படி. ஆணும் பெண்ணும் சேர்ந்ததுதான் குடும்பம் என்பதற்கு மாறாகக் குழந்தைகளிடம் எதுவும் சொல்லக்கூடாது. போன ஆண்டு மேலிடத்திலிருந்து லேபிள்கள் கட்டாக வந்தன. 'பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தீங்கு விளைவிக்கலாம்.' ஏழு பிரதிகள். ஏழிலும் அவள்தான் ஒட்டினாள்... கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் வைத்துப் பூட்டியதும் அவள்தான்.

அவளுக்குப் பதினைந்து வயதில் வந்த சட்டம் அது. பக்கத்து பெஞ்சுப் பெண் திரும்பிப் பார்த்தாலே நெஞ்சு படபடத்த நாட்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று டீச்சரிடம் போய்க் கேட்டாள். "இதைப் பத்தி உன்கிட்ட நான் பேசக்கூடாதும்மா," என்று சொல்லிவிட்டு டீச்சர் எழுந்து போய்விட்டார். லித்துவேனியா முழுவதிலும் தன்னைப் போல ஒரே ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு எட்டு வருஷம் அழுதாள். அப்படிப்பட்டவள்தான் ஸ்கேலை வைத்து அளந்து ஒட்டினாள்.

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். 'நாளைக்குச் சொல்லலாம்... நாளைக்கு...' என்று கோடைக்காலமே போய்விட்டது.

செப்டம்பரில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் மில்தா நூலகத்துக்கு வந்து நின்றாள். கையில் சூடான ஜாம் பன், முகம் நிறையச் சிரிப்பு. ருகிலே மேசையில் குனிந்து, புதிதாக வந்த புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஸ்கேலை வைத்து, பென்சிலால் புள்ளி வைத்து, ஒரு மில்லிமீட்டர் கோணாமல்...

மில்தாவின் சிரிப்பு மெல்ல அணைந்தது. பூட்டிய அலமாரி பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய படகுக்காரப் பெண்... முகமில்லாமல்.

"நீயா?"

"மில்தா, நான் வேணும்னு... மேலிருந்து சட்டம்னு சொல்லி அனுப்பினாங்க. நான் சம்பளத்துக்கு வேலை பாக்கிறவ. என்னை என்ன பண்ணச் சொல்றே?"

"சட்டத்துக்குக் கை கிடையாது, ருகிலே. ஒட்டினது உன் கை." பன்னை மேசையில் வைத்தாள். "அதுகூடப் பரவாயில்லை. மே மாசத்துலேருந்து என் எதிர்ல உக்காந்து, நான் சொல்லிச் சொல்லி அழுததை எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தியே..."

போய்விட்டாள்.

ருகிலேக்கும் ரோஷம் வந்தது. பெரிய எழுத்தாளர்! வீட்டில் உட்கார்ந்து படம் போடுகிறவளுக்கு வேலை போகிற பயம் தெரியுமா? ஃபோன் செய்யவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அக்டோபர் முழுக்க வீராப்பாகவே இருந்தாள். டிராலிபஸ் நிறுத்தத்தைக் கடக்கும்போது மட்டும் கண் அதுபாட்டுக்குத் தேடும்... வெட்கம் கெட்ட கண்.

நவம்பரில் ஊலா வந்தாள். பத்து வயது. வாரம் ஆறு புத்தகம் தின்று தீர்க்கிறவள்.

"அக்கா, அந்த அலமாரியை ஏன் பூட்டி வெச்சிருக்கீங்க?"

"அது... பெரியவங்களுக்கு."

"பெரியவங்க புத்தகத்துல எதுக்குப் படகு பொம்மை போட்டிருக்கு?" ஊலா மூக்கைக் கண்ணாடியில் அழுத்தினாள். "எங்க வீட்டுல ரெண்டு அம்மா. இங்க இருக்கிற கதை எல்லாம் படிச்சிட்டேன். ஒண்ணுல கூட ரெண்டு அம்மா வரவே இல்லை. நாங்க மட்டும்தான் இப்படியா?"

எனக்கு மட்டும் ஏன் இப்படி... அது ருகிலேயின் பழைய கேள்வி. 'இதைப் பத்தி உன்கிட்ட பேசக்கூடாதும்மா' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கியபோது கண்ணீரையும் சேர்த்து விழுங்கினாள்.

"ஒரு வாரம் டைம் குடு, ஊலா. அந்தப் புத்தகம் உன் கைக்கு வரும்."

மறுநாள் வீட்டிலிருந்து ஹேர் டிரையரைக் கொண்டு வந்தாள். மதிய இடைவேளையில் ஒவ்வொரு லேபிளாகச் சூடு காட்டி, நகத்தால் ஓரத்தைத் தூக்கி, அட்டை கிழியாமல் உரித்தாள். பசையை எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். உள்ளேயிருந்து படகுக்காரப் பெண்ணின் முகம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த பெரிய கண்கள்... மில்தா கண்ணாடியைப் பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும். கள்ளி!

ஏழாவதை உரித்தபோது பின்னால் பீருதே மேடம் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பண்றே?"

"தலைக்குக் காத்து காட்டறேன் மேடம்."

"மரியாதையா திருப்பி ஒட்டு."

"மாட்டேன்."

பதினோரு வருஷ வேலையில் அவள் சொன்ன முதல் 'மாட்டேன்'. "இந்தப் புத்தகம் இனி குழந்தைங்க அலமாரியில இருக்கும். டிசம்பர் இருபத்தொண்ணு, சனிக்கிழமைக் கதை நேரத்துல இதைத்தான் படிக்கப் போறேன். வேலையை விட்டுத் தூக்கினா தூக்குங்க. வாசல் படிக்கட்டுல உக்காந்து படிப்பேன்."

"மேலிடத்துக்கு நான் எழுதித்தான் ஆகணும், ருகிலே."

"எழுதுங்க மேடம். என் பேரைத் தெளிவா எழுதுங்க."

அன்று மாலை மில்தாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'என் தப்புதான். முதலில் ஒட்டினது தப்பு, அப்புறம் மறைச்சது அதைவிடப் பெரிய தப்பு. ஏழையும் உரிச்சிட்டேன். டிசம்பர் 21, பதினோரு மணி, கதை நேரம். உனக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பேன்.'

பதில் இல்லை. ஒரு வாரம்... இரண்டு வாரம்... பதிலே இல்லை. மேலிடத்திலிருந்து மட்டும் விசாரணைக்குத் தேதி வந்தது. ஜனவரி எட்டு.

டிசம்பர் பதினெட்டு, புதன்கிழமை. பீருதே மேடத்தின் அறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நாற்காலி தடாலென்று பின்னால் விழுகிற சத்தம்.

"ருகிலே! ஓடி வா!"

அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தச் சட்டப்பிரிவு நாட்டின் அரசியல் சாசனத்துக்கே விரோதம். செல்லாது!

ருகிலே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. பீருதே மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே... எட்டாவது பிரதி. மேடமே கோணலாக ஒட்டிய லேபிளோடு.

"நல்ல கதைடி. நாலு தடவை படிச்சேன்," என்றார் எங்கேயோ பார்த்துக்கொண்டு. "அந்த ஹேர் டிரையரைக் கொண்டா. இதை நான் உரிக்கிறேன்."

சனிக்கிழமை. வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டியது. உள்ளே தரை விரிப்பு கொள்ளாமல் குழந்தைகள். முன்வரிசையில் ஊலா, அவளுக்குப் பின்னால் அவளுடைய இரண்டு அம்மாக்கள். ஓரத்து நாற்காலி மட்டும் காலி.

பதினொன்று அடித்தது. 'வரமாட்டாள்,' என்று மனசைத் தேற்றிக்கொண்டு ருகிலே புத்தகத்தைத் திறந்தபோது... கதவும் திறந்தது. தலைமுடியில் பனி, கையில் நான்கு வெள்ளைக் கார்னேஷன் பூக்கள்.

"நாலு பூவா?" பீருதே மேடம் பதறிவிட்டார். "குழந்தைங்க இருக்கிற இடத்துக்கு! யாரு செத்துட்டாங்க?"

"ஒரு சட்டம், மேடம்," என்றாள் மில்தா. "அடக்கத்துக்கு வந்தேன்."

ஊலாவின் அம்மாக்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அறையே சிரித்தது.

ருகிலே படித்தாள். படகுக்காரப் பெண் துடுப்புப் போட்டாள், புயலில் சிக்கினாள், கரை சேர்ந்தாள், மாவு படிந்த கைகளோடு ஓடி வந்தவளைக் கட்டிக்கொண்டாள். கடைசிப் பக்கத்தை மூடியதும் ஊலா கையைத் தூக்கினாள்.

"அக்கா, இது நிஜத்துல நடக்குமா?"

ருகிலே அந்த ஓரத்து நாற்காலியைப் பார்த்தாள். அந்தக் கண்களும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"நடக்கும், ஊலா. எனக்கே நடந்திருக்கு. ஏப்ரல்ல, மழையில, ஒருத்தி பஸ்ஸிலேருந்து குதிச்சு என்னை இடிச்சா. எனக்கு அவளைப் பிடிச்சுப் போச்சு. அப்புறம் நான் பயந்துபோய் ஒரு பெரிய தப்புப் பண்ணினேன். இப்பப் பயம் இல்லை." குரல் உடைந்தது. அப்படியே விட்டாள். "நான் அவளைக் காதலிக்கிறேன். இதைச் சின்னப் பசங்க முன்னாடி சொல்லக்கூடாதுன்னு இத்தனை வருஷம் சொல்லிட்டிருந்தாங்க. நான் உங்க முன்னாடிதான் முதல்ல சொல்றேன்."

மில்தா எழுந்து வந்தாள். கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அதற்குள்ளிருந்து எதையோ பதமாக உருவினாள். காய்ந்து, தட்டையாகி, நிறம் இருண்டுபோன ஒரு சிவப்பு டூலிப்.

"கோவத்துல ரெண்டு தடவை தூக்கிப் போடப் பார்த்தேன்," என்றாள் மெல்ல. "முடியலை... நானும் உன்னைத்தான்டி, ருகிலே."

டூலிப்பை அந்த நான்கு வெள்ளைப் பூக்களுக்கு நடுவில் சொருகி ருகிலேயிடம் நீட்டினாள். ஊலா முட்டிபோட்டு நிமிர்ந்து, விரல் நீட்டி, சத்தமாக எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அஞ்சு! அஞ்சு இருக்கு! சாவுப் பூ இல்லை, அக்கா... வாங்கிக்கோங்க!"

ருகிலே வாங்கிக்கொண்டாள்.