பரணுக்கு மேலே

பரணுக்கு மேலே ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

செங்கல்வராயன் அதைக் காலையில்தான் பார்த்தான். கடலைக் காட்டைப் பன்றிகள் கிளறிப் போட்டுக்கொண்டே இருந்ததால், வரப்பில் நின்ற நாவல் மரத்தில் அவனே கட்டிய பரண் அது. கும்மிடிப்பூண்டியில் ஹனீப் பாயின் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய ஆங்கிள் துண்டுகள், துருப்பிடித்த போல்ட்டுகள், கட்டுக்கம்பி, புதிதாக வந்த கம்பெனிகள் தூக்கிப் போட்ட பெட்டிப் பலகைகள். ஏறிப்போவதற்கு மரத்திலேயே படிபோலக் கம்பிகளை அறைந்திருந்தான். அவை பரணோடு முடிய வேண்டும். முடியவில்லை. தலைக்கு மேலே, இலை அடர்ந்த இடத்தில், இன்னொன்று இருந்தது. அதே துரு, அதே கனம். மரப்பட்டையில் சுத்தியல் பட்ட அடையாளம் மட்டும் இல்லை.

தம்பியின் வேலை என்று நினைத்தான். திருமலை தன் பாகத்தைக் கம்பெனிக்காரனுக்கு விற்றதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அப்பாவின் பிணத்தருகே கூட ஆளுக்கொரு பக்கமாகத்தான் நின்றார்கள். அந்த வரப்பும் மரமும் யாருக்கு என்பது மட்டும் இன்னும் தீராமல் கிடந்தது.

நேராகத் தம்பி வீட்டு வாசலுக்குப் போனான்.

"மரம் உன்துன்னு காட்றியா? இன்னாத்துக்குடா என் பரண்மேல ஏறி கம்பி அட்ச்ச?"

பல் தேய்த்துக்கொண்டிருந்த திருமலை வாயைத் துடைத்தான். "உன் பரணாண்ட நான் வரவே இல்லண்ணே. உள்ள வா. காபி குட்ச்சிட்டுப் போ."

"உன் ஊட்டுத் தண்ணிகூட எனக்கு வேணாம்."

மத்தியானம் சோறு போடும்போது மனைவி சம்பூர்ணம் சொன்னாள்: "கூடப் பொறந்தவன்கூட இன்னாத்துக்குய்யா இந்த வீம்பு? பன்னி துன்னது போவ மிச்சம் போதும்."

அவன் சாப்பிட்ட கையைக் கழுவினான். பன்றி சுட ஊர்க்காரன் சுப்பராயனிடம் இரவல் வாங்கிய நாட்டுத் துப்பாக்கியை எடுத்துத் துடைத்தான்.

பொழுது சாயும்போது ஏறினான். வெயிலில் கிடந்த கம்பிகள் உள்ளங்கையில் இன்னும் சுட்டன. மேலே இருந்ததை மட்டும் பிடுங்கிப்போடக் கையை நீட்டினால், அது கிணற்றுக்குள் கிடந்ததுபோல் குளிர்ந்தது. அசையவில்லை. அதற்கும் மேலே இன்னொன்று தெரிந்தது. அதற்கு மேல் இலைகள்.

துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு காட்டைப் பார்த்து உட்கார்ந்தான். கம்பெனிப் பக்கமிருந்து இரும்பு காய்கிற வாடையும் எந்திரத்தின் ஓயாத முனகலும், காட்டுப் பக்கமிருந்து ஈரக் கடலைச் செடியின் பச்சை வாசமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அடைய வந்த கிளிகள் மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டு, ஒன்றுகூட உட்காராமல் ஏரிப் பக்கம் போயின. இருட்டு கட்டியது. பன்றிகள் வந்தன. மூக்கால் மண்ணை உழுகிற சத்தம் காட்டின் ஓரம்வரை நெருங்கி, சட்டென்று நின்று, வந்த வழியே சிதறி ஓடியது.

பிறகு எந்திரச் சத்தமும் கேட்கவில்லை. காதில் பஞ்சு அடைத்ததுபோல. புதிதாகத் தோண்டிய குழியின் வாடை வந்தது.

மேலேயிருந்து.

மரப்பட்டைத் துகள்கள் பிடரியில் உதிர்ந்தன. ஒரு கம்பி கனம் தாங்கி முனகியது.

"டேய் திருமலை. எறங்குடா."

மேலே மூச்சு மட்டும்.

அப்போது வரப்பில் ஒரு லாந்தர் வெளிச்சம் ஆடிக்கொண்டு வந்தது. மரத்தடியில் நின்றது.

"அண்ணே!" திருமலையின் குரல். கீழேயிருந்து. "இந்த வரப்ப நீயே வெச்சிக்க. மரமும் உன்துதான். நாம பேசாத கெடந்தது போதும்ணே."

செங்கல்வராயன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை.

குரல் அவன் தலைக்கு மேலே கேட்டது. அவனுடைய சொந்தக் குரல். பீடி பிடித்துக் கரகரத்த அதே குரல்.

"ஏறி வாடா தம்பி."

திருமலை நிமிர்ந்து பார்த்தான். அண்ணன் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருஷம். லாந்தரை முழங்கையில் மாட்டிக்கொண்டான்.

"தோ வர்றேண்ணே."

முதல் கம்பி முனகியது. அடுத்தது.

ஓடிப்போடா என்று செங்கல்வராயன் கத்தினான். நெஞ்சுக்குள்ளேயே. நாக்கு புரளவில்லை.

தோளுக்கு மேலாக ஒரு கை இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. முடியாத நீளம். அவன் கைமேல் விரலுக்கு விரல் பொருந்திப் படிந்தது. குளிர். துப்பாக்கியின் வாய் காட்டைவிட்டுத் திரும்பியது. மெதுவாக. பரணின் விளிம்பை நோக்கி.

பலகைக்கு அப்பால் வெளிச்சம் எழுந்தது. அதன் பின்னால் திருமலையின் முகம். வேர்த்து, மூச்சு வாங்கி, சிரித்துக்கொண்டு.

"கையக் குடுண்ணே."

விசைமேல் இருந்த செங்கல்வராயனின் விரல், அந்த இன்னொரு விரலுக்கு அடியில், மடங்கத் தொடங்கியது.