சுவரைப் பார்த்து வாசித்தவன்

கித்தார்க்காரன் எசெலின் விரல்களுக்குச் சாத்தானே குரு என்பது மிசிசிப்பிக் கரை முழுவதும் அறிந்த மகத்தான உண்மை. நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவைக் கொடுத்துத் தன் பாட்டை வாங்கியதாக எசெலே சொன்னான்; வேறு சாட்சி கிடையாது. நடந்தது வேறு. ஓடெல்லாவின் சாராயக் குடிசை ஆற்றுக்குள் கால் ஊன்றி நிற்பது. அதன் தரைப்பலகைக்கு அடியில், படகில் மல்லாந்து கிடந்து, மேலே நொண்டி லியாண்டர் கித்தார் வாசித்ததை இரண்டு மாதம் இடுக்கு வழியே எசெல் களவாடினான். பிறகு பெருவெள்ளம் லியாண்டரைக் கொண்டுபோனது. பாட்டு எசெலுடையதாயிற்று. அதுவும் போனால் திங்கட்கிழமை பருத்திக்காட்டுக் கூலிவேலைதான்.

அதனால் யாரும் விரலைப் பார்த்துவிடாதபடி சுவரைப் பார்த்தே உட்கார்ந்து வாசிப்பான்.

"என்னடா எசெலு, சுவரா உனக்குச் சாராயம் வாங்கித் தருது? இந்தப் பக்கம் திரும்பேன்!" என்றான் ஆடிக்கொண்டிருந்த ஒருவன்.

"விடுப்பா. அந்த மூஞ்சியப் பாத்தா என் மீன் விக்காது" என்றாள் ஓடெல்லா.

சனிக்கிழமைச் சாயங்கால வெயில் பலகை இடுக்குகளில் கோடு கோடாக எரிந்துகொண்டிருந்தது. மீன் பொரியும் எண்ணெய், வியர்வை, சோளச் சாராயம் எல்லாவற்றுக்கும் அடியில் எங்கோ ஆற்றுச் சேற்றின் வாடை. அவன் முகத்துக்கு நேரே இருந்த ஒரு கோடு மட்டும் இருண்டிருந்தது.

எவனோ வெளியே நின்று விரலைப் பார்க்கிறான். திருட்டுப் பயல். சுவருக்கு அப்பால் தரை கிடையாது, ஆறுதான்; படகில்தான் நிற்க முடியும்.

"ஓடெல்லாக்கா, பின்னால படகு கட்டியிருக்கியா?"

"படகா? அது வெள்ளத்தோட போயி ரெண்டு வருஷமாச்சு. நீ வாசி."

வாசித்தான். தாளத்துக்குக் காலைத் தட்டினான். சுவருக்கு அப்பாலும் ஒரு கால் தட்டியது. இரண்டு தட்டு. ஓர் இழுப்பு.

தட்டு, தட்டு, இழுப்பு.

நொண்டிக் கால்.

அவன் காலை நிறுத்தினான். அது நிறுத்தவில்லை. சேற்று வாடை நெருங்கியது. இடுக்கு வழியே ஒரு விரல் வந்தது. பிறகு மூன்று. ஊறி வெளுத்தவை. நகமில்லை. ஈரம் சொட்டச் சொட்டக் கித்தாரின் கழுத்தை மெல்லத் தடவி, தந்திகளின் மேல் அமர்ந்தன.

எசெல் கத்த வாய் திறந்தான். காற்றுதான் வந்தது.

பின்னால் ஆட்டம் சூடு பிடித்தது. தரை அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள்.

"இன்னைக்குத்தாண்டா ஒழுங்கா வாசிக்கிற!" என்று அடுப்படியிலிருந்து கத்தினாள் ஓடெல்லா.

எசெலின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.