முப்பத்தொன்றாம் நாற்காலி

பனிமலைக்கு ஆளேற்றும் கம்பிவட லிஃப்டில், மணி கட்டிய நாற்காலிக்குப் பின்னால் வந்த காலி நாற்காலியில் தடுப்புக் கம்பி இறங்கியிருந்தது.

நோட்புர்கா உச்சுக் கொட்டினாள். மணி நான்கேகால். மகள் ஃபெலிஸிட்டாஸ் இருக்கும் பகல்நேரக் காப்பகம் ஐந்துக்கு மூடிவிடும். இந்த வாரத்திலேயே இரண்டு நாள் தாமதம். இன்று சரியாக வருவேன் என்று சிலுவை போட்டுச் சத்தியம் செய்திருந்தாள்.

மலையடிவாரத்தில் கடைசிப் பயணியை ஏற்றியதும், அந்த நாற்காலியின் முதுகில் ஆல்பன் ஒரு மாட்டு மணியைக் கட்டிவிடுவான். உச்சியில் வேலை பார்க்கும் அவள் அதை அவிழ்த்து, போனில் "வந்தாச்சு" என்று சொன்ன பிறகுதான் லிஃப்ட் நிற்கும். யாரையும் அந்தரத்தில் தொங்கவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. இந்தக் குளிரில் ஒரு குழந்தை விடியும்வரை தாங்காது. மணிக்குப் பின்னால் வருபவை கம்பி தூக்கியபடி, மடி நிறையப் பனியோடு வரும். கம்பி தானாக இறங்காது. உட்கார்ந்தவர் இழுக்க வேண்டும்.

முப்பத்தொன்று என்று எண் எழுதிய அந்த நாற்காலி பெரிய சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மூடுபனிக்குள் இறங்கிப் போனது. இருக்கையில் ஓரிடத்தில் மட்டும் பனி இல்லை. ஒரு சின்ன உடம்பின் அளவுக்கு.

"ஆல்பன், மணிக்குப் பின்னாடி யாரையாச்சும் ஏத்தினியா?" என்று போனில் கேட்டாள்.

"யாரை ஏத்துறது, பனிப்பொம்மையையா? வந்தாச்சுன்னு சொல்லு தாயே, நிறுத்திடறேன். சூப் ஆறுது."

"முப்பத்தொண்ணுல கம்பி இறங்கியிருக்கு."

"காத்துல இறங்கியிருக்கும்."

"காத்தா? இங்க விட்ட மூச்சுகூட நகராம நிக்குது."

"புர்கி, பிள்ளைங்க எல்லாரும் இறங்கிட்டாங்கன்னு பனிச்சறுக்குப் பள்ளியில எண்ணிச் சொல்லிட்டாங்க. உனக்கு மட்டும் தினம் ஒரு சந்தேகம்."

"இன்னொரு சுத்து விடு. நீயே பாரு."

எட்டு நிமிடம். மசகெண்ணெயும் ஈரக் கம்பளியும் நாறும் அந்தச் சின்ன அறையில், ஒவ்வொரு நாற்காலியும் தூணைக் கடக்கும்போது உருளைகள் தடதடவென்று அதிர்ந்து அடங்குவதைக் கேட்டபடி, அவள் கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"வந்துச்சு. காலி. கம்பியை நானே தூக்கிவிட்டேன். திருப்தியா?"

அது மேலே வர மேலும் எட்டு நிமிடம். மூடுபனியிலிருந்து முப்பத்தொன்று வெளிப்பட்டது.

கம்பி இறங்கியிருந்தது.

பாய்ந்து பிடித்து இழுத்தாள். உறைந்த கையுறை வழுக்கியது. நாற்காலி நழுவிப் போய்விட்டது. ஆத்திரத்தில் பனியை எட்டி உதைத்தாள், கால்விரல்தான் வலித்தது. கம்பி மறுபடியும் இறங்கியிருப்பதைப் போனில் சொன்னாள்.

"நான் தூக்கினேன் புர்கி. சத்தியமா." ஆல்பனின் குரலில் கேலி இல்லை.

மறுபடியும் பதினாறு நிமிடம். காப்பகத்தின் கதவருகே கோட்டுப் போட்டு நிற்க வைக்கப்பட்டிருக்கும் மகளை நினைத்தாள். அழுகையாக வந்தது. அதோடு, மதியம் வந்த நீலத் தலைக்கவசச் சிறுமியின் நினைவும் வந்தது. "அத்தை, என்னால தூக்க முடியல" என்று அது சொன்னபோது, "சீக்கிரம் தூக்கு, பின்னாடி ஆள் வருது" என்று எரிந்து விழுந்திருந்தாள்.

குழந்தைகளால் அந்தக் கம்பியைத் தூக்க முடியாது.

சுவரிலிருந்த சிலுவையைப் பார்த்தாள். கையுறைகளைக் கழற்றினாள். வெளியே போய் நின்றாள்.

முப்பத்தொன்று வந்தது. இம்முறை இழுக்கவில்லை. கூடவே நடந்து, வெறுங்கையால் கம்பியை மெல்லத் தூக்கினாள். இரும்பு தோலைக் கடித்தது.

"இறங்கு கண்ணு. பயப்படாத. நான் பிடிச்சுக்கறேன்."

பாரம் இறங்கியதுபோல் நாற்காலி குதித்து ஆடியது. அவள் உள்ளங்கைக்குள் சில்லென்று ஏதோ நுழைந்தது. ஐந்து சிறு விரல்கள்.

அந்தக் கணம் அவளுக்குப் பயம் வரவில்லை. இரக்கம்தான் வந்தது. இதற்காகத்தானா இத்தனை சுற்று, பாவம், என்று கண் கலங்கியது. அந்தப் பிடியை விடாமலே அறைக்குள் கையை நீட்டிப் போனை எடுத்தாள்.

"வந்தாச்சா?" என்றான் ஆல்பன்.

வாயைத் திறந்தாள்.

முப்பத்திரண்டு வந்தது. கம்பி இறங்கியிருந்தது.

முப்பத்துமூன்று. இறங்கியிருந்தது.

"புர்கி? வந்தாச்சா? நிறுத்தவா?"

உள்ளங்கையிலிருந்த விரல்கள் இறுகின. இன்னொரு கை அவள் கோட்டைப் பற்றியது. தாழ்வாக. இடுப்புக்கும் கீழே.

அப்போது மூடுபனி விலகியது. சரிவு முழுவதும் தெரிந்தது. அடிவாரம்வரை வரிசையாக நாற்காலிகள். எல்லாவற்றிலும் கம்பி இறங்கியிருந்தது. எல்லா இருக்கையிலும் சின்னதாக ஓரிடம் பனியில்லாமல். இறங்குமிடம் நெருங்கும்போது பிள்ளைகள் செய்வதுபோல, ஒவ்வொரு நாற்காலியும் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்தபடி, அவளை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தது.