வாடகைக்கு வந்தவர்

தங்கையைக் கையோடு அழைத்துப் போய்விடுவது என்ற முடிவோடுதான் அந்தப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் படியேறினேன். மாப்பிள்ளை போனதிலிருந்து அவள் வெளியே தலைகாட்டுவதே இல்லை. போன் செய்தால் "ம்" என்பாள், அதோடு சரி. இப்படியே விட்டால் இவளும் போய்ச் சேர்ந்துவிடுவாளோ என்று பயந்தேன்.

பட்டப்பகலில் ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை மாட்டியிருந்தாள். உள்ளே ஈரத்துணி வாடை. கூடத்துச் சுவர் முழுக்கப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

படத்தில் மாப்பிள்ளை.

இப்போதெல்லாம் வீட்டிலிருந்தபடி வாடகைக்குப் படம் கேட்பவர்கள் நடிகர்களைக் கேட்பதில்லை. வேண்டியவரின் நாலு போட்டோவும் கொஞ்சம் குரலும் கொடுத்தால் போதும், கேட்ட கதையில் அவரே வந்து நடிப்பார். ஒரு நாள் வாடகை. நாள் முடிந்தால் படம் தானாக அழிந்துவிடும். இருந்தவரை வாய் திறக்காத மனுஷர், செத்த பிறகு கதாநாயகன் ஆகிவிட்டாரே என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

"இன்னும் எத்தனை தடவைடி பாப்ப?"

"உஸ்... கெளம்பப் போறாருக்கா."

படத்தில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"வரட்டுமா?"

கிளம்புகிறவர் எல்லாரும் கேட்பதுதானே. இவளும் பழக்கதோஷத்தில் பதில் சொல்லிவிட்டாள்.

"சரி, வாங்க."

அவர் போகவில்லை.

வந்தார்.

படம் அணைந்து கூடம் இருண்டது. சுவரிலிருந்து செருப்புச் சத்தம் மெதுவாக நெருங்கியது. சோபாவில் அவளுக்குப் பக்கத்து மெத்தை அமுங்கியது. ஆஸ்பத்திரி மருந்து நெடி மூக்கில் ஏறியது.

"யாருடி அது?" என்றேன்.

"அவர்தான். இருட்டறதுக்குள்ள போயிடணுமாம்."

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. மறுகையை யாரோ பிடித்திருந்தார்கள்.

பாய்ந்துபோய் மின்இணைப்பைப் பிடுங்கினேன், போர்வைகளை இழுத்துப் போட்டேன். வெயில் விழுந்த கூடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. பயத்தில் கண்டதையும் கற்பனை செய்துகொண்டேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அவள் முகம் வெளிறியிருந்தது. ஏதாவது சூடாகக் குடிக்கக் கொடுத்து, இன்றே கூட்டிப்போய்விட வேண்டும். சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் ஏற்றினேன்.

கூடத்திலிருந்து அவள் குரல். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தெளிவான குரல்.

"அக்கா, வரட்டுமா?"

என்னோடு வரச் சம்மதித்துவிட்டாள் என்று எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

"வாடி, தாராளமா வா!"

அடுப்பை அணைத்தேன்.

கூடத்துக்கு வந்தேன். சோபாவில் சாய்ந்திருந்தாள். தொட்டேன், சில்லிட்டிருந்தது. மின்சாரமே இல்லாத சுவரில் படம் ஓடியது. இரண்டு பேர் கைகோத்து நடந்துகொண்டிருந்தார்கள். நான் பெயர் சொல்லிக் கத்தினேன், சுவரை அறைந்தேன். அவள் திரும்பவே இல்லை. அப்படியே படம் அழிந்துபோனது.

அவள் யாரோடு போக விடை கேட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது. போகச் சொன்னதும் நான்தான், வரச் சொன்னதும் நான்தான்.

எல்லாம் முடிந்து தனியாக வீடு திரும்பினேன். அவளுக்கென்று ஒழித்து வைத்திருந்த அறையின் கதவைத் தள்ளினேன்.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.