மகாராணிக்கு ஒரு கண்தான்

மிளகாயின் முயலுக்கு வக்கீல் என்று பெயர். அதன் வாய் நாள் முழுவதும் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். அதனால் அப்பா வைத்த பெயர் அது. மகளுக்கு மிளகாய் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அம்மா அட்டைப்பெட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தாள். அங்கே மிஞ்சும் துண்டு அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவருவாள். மிளகாய்க்குக் குதிரை பொம்மை செய்ய அட்டை வேண்டும். வக்கீலுக்குக் கடிக்க அட்டை வேண்டும். யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு.

அந்த மாதம் மிளகாய்தான் முந்தினாள். தெருக்கோடியில் வயதான வண்டிக் குதிரைகளைப் பராமரிக்கும் காப்பகம் ஒன்று இருந்தது. புயலில் அதன் லாயக் கூரை பறந்துவிட்டது. புதுக் கூரைக்காக, பக்கத்திலிருந்த மண்டபத்தில் கைவினைப் பொருட்கள் விற்பனை நடக்கவிருந்தது. நடத்துவது தையல்கடை அத்தை, அப்பாவின் அக்கா.

மிளகாய் பள்ளி விட்டதும் லாயத்துக்கு ஓடுவாள். வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குதிரையாக உற்றுப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்து, விற்பனைக்கு வைக்க அதே குதிரைகளைப் பொம்மையாகச் செய்வாள். கம்பியை வளைத்துக் கால். அட்டையில் உடம்பு, அதன்மேல் காகிதக் கூழ், காய்ந்ததும் வண்ணம், பிடரிக்குக் கம்பளி நூல்.

பொம்மைக் குதிரைகளைப் பார்க்க அத்தை வந்தார். வெள்ளைக் குதிரையைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மலர்ந்தது. திருப்பிப் பார்த்ததும் சுருங்கிவிட்டது.

"இந்தப் பக்கம் கண்ணு வரைய மறந்துட்டியே."

"மறக்கல அத்தை. இது லாயத்துல இருக்கிற மகாராணி. அதுக்கு ஒரு கண்ணுதான்."

இன்னொரு குதிரைக்கு வால் பாதிதான் இருந்தது. மற்றொன்றின் முழங்கால் வளைந்திருந்தது. அத்தை பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஜனங்கள் அலமாரியில் வைக்கத்தான் பொம்மை வாங்குவார்கள். கண்ணை வரைந்து, வாலை நீட்டி, கொஞ்சம் தங்க வண்ணம் பூசினால் சூடாக விற்றுப்போகும் என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வக்கீல் ஒரு பழுப்புக் குதிரையின் காதைக் கடித்துத் தின்றுவிட்டது. மிளகாய் குதிரையைப் பிடுங்கிப் புதுக் காது ஒட்ட ஆரம்பித்தாள்.

"இதுக்குக் காது ஒட்டுற. அதுக்குக் கண்ணு வரைஞ்சா என்னவாம்?" என்று கேட்டார் அத்தை.

"இது வக்கீல் கடிச்சது. நிஜத்துல இவனுக்கு ரெண்டு காதும் இருக்கு. மகாராணிக்கு ரெண்டு கண்ணு இல்லையே."

அப்படியானால் தன் மேசையில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டு அத்தை செருப்பை மாட்டிக்கொண்டார். இரண்டு கோடு இழுத்தால் முடிகிற காரியத்துக்கு இவ்வளவு வீம்பா என்று அம்மாவும் கேட்டாள்.

மிளகாய் வக்கீலை மடியில் வைத்துக்கொண்டு தூரிகையை எடுத்தாள். கூரையை நினைத்துப் பார்த்தாள். ஒரு குதிரைகூட விற்காமல் போனால்? ஆனால் இன்னொரு கண் வரைந்தால் இது வேறு ஏதோ குதிரை. மகாராணி இல்லை. மகாராணிக்காகக் கூரை போட மகாராணியையே ஒளித்துவைப்பதா?

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டாள்.

விற்பனை நாளன்று மண்டபத்தின் வாசலுக்கு வெளியே, மர நிழலில், ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். அதன்மேல் குதிரைகளை அடுக்கினாள். பக்கத்தில் கூடைக்குள் வக்கீல். உள்ளே போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருவர் மட்டும், கண்ணைச் சரிசெய்து தந்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். முடியாது என்று மிளகாய் தலையை ஆட்டினாள்.

பிறகு அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் வந்தாள்.

"முயல் என்ன விலை?"

"முயல் விக்கிறதுக்கு இல்ல. குதிரைதான்."

"இதுக்கு ஏன் ஒரு கண்ணு?"

"நிஜக் குதிரை அப்படித்தான் இருக்கும். அதோ, அந்த வேலிக்கு அந்தப் பக்கம் நிக்குது. இந்தப் பொம்மையை வெச்சே நீ கண்டுபிடிச்சுடலாம். வா, பார்க்கலாம்."

மூவரும் போனார்கள். சின்னப் பெண் பொம்மையை உயர்த்திப் பிடித்து ஒவ்வொரு குதிரையாக ஒப்பிட்டுப் பார்த்தாள். கடைசியில் மகாராணியின் முன்னால் நின்று, "இவங்கதான்" என்றாள் மெதுவாக. மகாராணி தலையைத் தாழ்த்தி அவள் தலைமுடியை முகர்ந்தது. அவளுடைய அப்பா பையிலிருந்து பணத்தை எடுத்தார்.

திரும்பி வந்த சின்னப் பெண் சும்மா இருக்கவில்லை. கண்ணில் பட்ட எல்லாரிடமும் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு பொம்மையை வாங்கிக்கொண்டு வேலியோரம் அலைய ஆரம்பித்தார்கள். முழங்காலைப் பார், வாலைப் பார் என்று ஒரே பேச்சு. லாயத்தைப் பார்த்த சிலர், கூரை போட எப்போது வரட்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கூட்டம் வேலிப் பக்கம் போனதைப் பார்த்து அத்தையும் வெளியே வந்தார். பெட்டியின்மேல் ஒரே ஒரு குதிரைதான் மிச்சம், வளைந்த முழங்கால்காரன். அத்தை அதற்குரிய பணத்தை வைத்துவிட்டு வேலிப் பக்கம் போனார். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார். புடவையில் குதிரை எச்சில்.

"கண்டுபிடிச்சீங்களா?"

"அவன்தான் என்னைக் கண்டுபிடிச்சான்," என்றார் அத்தை. கொஞ்ச நேரம் பொம்மையின் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "அடுத்த தடவை உள்ளே வந்துடு. முதல் மேசை உனக்குத்தான்."

மிளகாய் வக்கீலின் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

"வேணாம் அத்தை. வாசல்லதான் வசதி. இங்கே இருந்தாதான் குதிரைங்க பக்கத்துல இருக்காங்க."